நெட் மெதுவானால் முதலில் எங்கே பார்ப்பது

நெட் மெதுவானதும் உடனே நிறுவனத்துக்கு போன் போடாதீர்கள், கோளாறு வீட்டுக்குள்ளா வெளியிலா என்று முதலில் பாருங்கள். கணினியிலிருந்து ரூட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, பிங் அடியுங்கள், அதாவது கமாண்ட் விண்டோவில் ping 192.168.1.1 என்று தட்டி, பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். சில மில்லிசெகண்டில் சீராகப் பதில் வரவேண்டும். 200 மில்லிசெகண்டுக்குத் தாவினாலோ நடுவே விட்டுப்போனாலோ சிக்கல் பெரும்பாலும் உங்கள் வைஃபையில்தான். நம் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பலர் ரூட்டரை பாம் ஷெல்ட்டர் என்ற பாதுகாப்பு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள், அந்தத் தடித்த கான்கிரீட்டையும் இரும்புக் கதவையும் தாண்டி சிக்னல் எப்படி வரும்? வெளியே எடுத்து வையுங்கள்.

சரி, ரூட்டர் ஒழுங்கா? அப்புறம் வெளியே உள்ள கூகுளின் முகவரி 8.8.8.8க்கு பிங். அதற்குப் பதில் வந்தும் தளங்கள் திறக்கவில்லையென்றால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை ரூட்டர் அல்லது கணினி அமைப்பில் மாற்றிப் பாருங்கள். 8.8.8.8இலிருந்தும் பதில் வரவில்லை, ஃபைபர் பெட்டியில் சிக்னல் இல்லை என்று காட்டும் எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிகிறது என்றால் இப்போது போன் போடுங்கள், விளக்கின் நிறத்தையும் சொல்லுங்கள்.