கோடை விடுமுறையும் பிஎச்.டி. விண்ணப்பமும்: எங்கே சறுக்குகிறார்கள்?

இளங்கலை படிக்கும்போது கோடையில் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் ஒட்டிக்கொண்டால் பிஎச்.டி. இடம் உறுதி என்று பலரும் நம்புகிறார்கள். விண்ணப்பத்தைப் படிக்கிறவர்கள் நீங்கள் எங்கே போனீர்கள் என்பதோடு நிறுத்துவதில்லை. போன இடத்தில் உங்களைப் பற்றி யார், என்ன எழுதினார்கள் என்பதையும் தேடுகிறார்கள்.

அதனால்தான் பெயரைப் பார்த்து ஆய்வகம் பிடிப்பது முதல் சறுக்கல். முப்பது பேர் வேலை செய்யும் இடத்தில் தலைமைப் பேராசிரியருக்கு உங்கள் முகமே நினைவிருக்காது. "நேரத்துக்கு வந்தார், ஆர்வமாக இருந்தார்" என்று இரண்டு வரியில் ஒரு பரிந்துரைக் கடிதம் வரும். அது நல்லதும் செய்யாது, பல நேரம் கெடுதலே. "அளவீடு தவறியதற்குக் கருவி காரணமில்லை, அறையின் வெப்பநிலை மாறியதுதான் காரணம் என்று இவரே சோதித்துக் கண்டுபிடித்தார்" என்று எழுத ஓர் ஆள் வேண்டும். சின்ன ஆய்வகத்தில் அந்த ஆள் கிடைப்பது எளிது. பெரிய இடம்தான் அமைந்ததா? கூடவே உட்கார்ந்து வேலை சொல்லிக்கொடுத்த ஆய்வு மாணவரிடம் குறிப்பு வாங்கி எழுதும்படி பேராசிரியரைக் கேட்கலாம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது காலக்கணக்கு. அமெரிக்க பிஎச்.டி. விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடிந்துவிடும். ஆகவே படிப்பை முடித்த கையோடு சேர நினைப்பவருக்குக் கடைசி ஆண்டுக்கு முந்தைய கோடைதான் கணக்கில் வரும் கடைசிக் கோடை. ஏப்ரலில் தேட ஆரம்பித்தால் அதுவும் போச்சு. அங்கே அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை (என்.எஸ்.எஃப்.) நிதி தரும் ஆர்.இ.யூ. என்ற இளங்கலை மாணவர் ஆய்வுத் திட்டங்களில் பலவற்றுக்கு ஜனவரி, பிப்ரவரியிலேயே கெடு. அவையும் முக்கியமாக அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். மற்றவர்கள் பேராசிரியர்களுக்கு நேரடியாக எழுதுவதே வழி. ஒரே மின்னஞ்சலைப் பெயர் மாற்றி நூறு பேருக்குத் தட்டிவிடுவது மட்டும் வேண்டாம், பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

கோடை முடிந்ததும் காணாமல் போவது இன்னொன்று. நிரல், தரவு, குறிப்பேடு எல்லாவற்றையும் ஒழுங்காக ஒப்படைத்துவிட்டு வாருங்கள். செப்டம்பரில் நாலு வரி எழுதி, என்ன படிக்கிறீர்கள், எங்கே விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். கெடுவுக்கு மூன்று நாள் முன்னால் "சார், ஒரு கடிதம்" என்று போய் நிற்பவருக்கு என்ன கிடைக்குமோ அதுதான் கிடைக்கும்.

கட்டுரை வெளியாகவில்லையே என்று தவிக்க வேண்டாம். பத்து வாரத்தில் அது அபூர்வம். "வெளிவரவிருக்கிறது" என்று பொய்யாகப் போட்டால் நேர்காணலில் மாட்டிக்கொள்வீர்கள். காசு கட்டிச் சேரும் சான்றிதழ் பயிற்சிகளுக்கு நான் ஒரு வரிகூட ஒதுக்க மாட்டேன்.

வீட்டுத் தேவைக்காகக் கோடை முழுக்கச் சம்பள வேலைக்குப் போனவர்கள் அதை மறைப்பதும் தவறுதான். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதோடு சுயவிவரத்தில் எழுதுங்கள். பரிந்துரைப்பவரிடமும் சொல்லி வையுங்கள். ஆய்வு அனுபவம் ஏன் குறைவு என்ற கேள்விக்கு அவரே கடிதத்தில் பதில் எழுதிவிடுவார்.