கணக்கு அலுவலகத்தில் ஏஐ: பி.காம். மாணவர்களை ஆயத்தப்படுத்தும் முறை

பி.காம். முடித்த ஒருவர் ஆடிட்டர் அலுவலகத்திலோ ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலோ சேர்ந்தால், முதல் ஓராண்டு பெரும்பாலும் பில்களை டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவு செய்வதிலும், வங்கி அறிக்கையை ரொக்க ஏட்டுடன் ஒப்பிடுவதிலும், விற்பனையாளர்கள் தாக்கல் செய்த பில்களைக் கொண்டு ஜிஎஸ்டி தளம் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலைக் கொள்முதல் ஏட்டுடன் சரிபார்ப்பதிலும் கழிந்துவந்தது. அலுப்பூட்டும் வேலைதான், ஆயினும் ஆயிரக்கணக்கான பில்கள் கையில் புரண்ட பிறகே, எது முறையானது, எது ஐயத்துக்குரியது என்று பார்த்தவுடன் சொல்லும் பழக்கம் அவருக்கு வாய்த்தது. இன்று பில்லின் படத்தைப் படித்துத் தானே பதிவு செய்யும் மென்பொருளும், வங்கிப் பதிவுகளைப் பொருத்தித் தரும் மென்பொருளும், வரித்துறை நோட்டீசுக்குப் பதில் வரைந்து தரும் சாட்ஜிபிடி போன்ற கருவிகளும் அந்த வேலையில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு வருகின்றன. இயந்திரம் முடித்துவைத்ததைச் சரிபார்க்கும் பொறுப்பு புதிதாகச் சேர்பவரிடம் வந்து சேர்கிறது. ஆகவே, அலுவலகம் ஓராண்டில் பழக்கிவிட்டதை இனிக் கல்லூரியின் வணிகவியல் துறையே பழக்க வேண்டும். வீட்டில் அலுவலக வேலை பார்த்தவர் எவரும் இல்லாத முதல் தலைமுறை மாணவருக்கு, கல்லூரி இதைச் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

முதல் நான்கு பருவங்களில் குறிப்பேடு, பேரேடு, வங்கிச் சரிகட்டும் பட்டியல், பற்று வரவு மொத்தங்கள் சமமா என்று பார்க்கும் இருப்பாய்வு ஆகியவற்றைக் கையால் எழுதிப் பழகுவதில் எந்தச் சலுகையும் வேண்டாம். ஒரு தொகை எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்பதை யோசிக்காமலே அறிந்தவருக்குத்தான், அது தவறான பக்கத்தில் நிற்பது உறுத்தும். ஏஐ வந்துவிட்டதால் அடிப்படைகளைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற கருத்து சில இடங்களில் பேசப்படுகிறது. அதைப் போல மாணவருக்குத் தீங்கு செய்யக்கூடிய கருத்து வேறில்லை என்றே கருதுகிறேன்.

ஐந்தாம் பருவத்தில், ஜிஎஸ்டி பாடத்துக்கோ கணினிக் கணக்கியலுக்கோ ஏற்கெனவே ஒதுக்கியுள்ள செய்முறை நேரத்தில் வாரம் இரண்டு மணியைச் சரிபார்ப்புப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் புதிய பாடத்திட்டம் தேவையில்லை. ஆசிரியர் கற்பனையான பில்களையும் வங்கி அறிக்கைகளையும் தயாரித்து, அவற்றை ஏஐ கருவியிடம் கொடுத்துப் பெற்ற விடைகளை அச்சிட்டு மாணவர்களிடம் வழங்க வேண்டும். மாணவர் ஒவ்வொரு தாளிலும் எது சரி, எது தவறு என்று குறிப்பதோடு, எந்தச் சட்டப் பிரிவின்படி அப்படிச் சொல்கிறார் என்பதையும் எழுத வேண்டும். சில தாள்கள் முற்றிலும் சரியாகவே இருக்க வேண்டும். எல்லாத் தாளிலும் பிழை இருந்தால், மாணவர் இல்லாத பிழையைக் கண்டுபிடிக்கப் பழகிவிடுவார்.

எத்தகைய கணக்குகளைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் இப்பயிற்சியின் பயன் அடங்கியுள்ளது. திருப்பூரிலுள்ள விற்பனையாளரிடம் பெங்களூரு வணிகர் ஒருவர் துணி வாங்கி, அதை நேராக ஈரோட்டிலுள்ள தம் வாடிக்கையாளருக்கு அனுப்பச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு தமிழ்நாட்டை விட்டு வெளியேறவே இல்லை என்பதால் ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்குரிய மத்திய, மாநில வரிகளான சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் விதிக்க வேண்டும் என்று இயந்திரம் சொல்லக்கூடும். அவசரப்படும் மாணவரும் அப்படியே சொல்வார். ஆனால் மாநிலங்களுக்கிடையே நடக்கும் விற்பனைக்குரிய ஐஜிஎஸ்டி சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, மூன்றாம் நபரின் (இங்கே பெங்களூரு வணிகரின்) சொற்படி சரக்கு ஒப்படைக்கப்படும்போது அந்த நபரின் முதன்மை வணிக இடமே வழங்கல் இடம். ஆகவே திருப்பூர் விற்பனையாளர் பெங்களூரு வணிகருக்கு எழுதும் பில்லில் ஐஜிஎஸ்டிதான் வர வேண்டும். வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் தமிழ்நாட்டுக்குரிய 33இல் தொடங்குகிறதா, கர்நாடகத்துக்குரிய 29இல் தொடங்குகிறதா என்பதை முதலில் பார்க்கும் வழக்கம் இந்த ஒரு கணக்கிலேயே மாணவருக்குப் படிந்துவிடும்.

அடுத்து, தேதியால் வரும் பிழைகள். ஏஐ கருவி பயிற்சி பெற்ற காலத்துக்குப் பின் சட்டம் மாறியிருந்தால், அது பழைய விகிதத்தையே உறுதியான நடையில் சொல்லக்கூடும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அந்த நாளுக்கு முன்னும் பின்னுமாகச் சில சிமென்ட் பில்களைக் கொடுத்து எதற்கு எந்த விகிதம் என்று கேட்கலாம். சற்றுத் தேர்ந்த மாணவருக்கு, சரக்கு ஒரு தேதியிலும் பில் ஒரு தேதியிலும் பணம் வேறொரு தேதியிலும் அமைந்த கணக்கைக் கொடுத்து, விகிதம் மாறும்போது எது பொருந்தும் என்று சொல்லும் சிஜிஎஸ்டி சட்டத்தின் 14ஆம் பிரிவை வாசிக்கச் செய்யலாம். வருமான வரியிலும் இதே நிலைதான்: 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்களோடு வரும் விடை எந்த ஆண்டின் வருமானத்துக்குப் பொருந்தும் என்று மாணவர் கேட்டாக வேண்டும்.

வங்கிச் சரிகட்டலில், ஒரே தொகையில் இரண்டு வாடிக்கையாளரின் வரவை வையுங்கள். 10,000 ரூபாய்ச் சரக்குக்கு 18 சதவீத வரி சேர்ந்து 11,800 ரூபாய் என்ற தொகை பலருக்கும் ஒன்றுபோல வருவது இயல்பு. தொகையையும் தேதியையும் மட்டும் வைத்துப் பொருத்தும் மென்பொருள் ஒருவரின் பணத்தை மற்றவர் கணக்கில் வரவு வைத்துவிடலாம். மொத்தம் சரியாகவே இருக்கும் என்பதால் இருப்பாய்வு இதைக் காட்டிக்கொடுக்காது.

நோட்டீசுக்கான பதில் வரைவில் தீர்ப்புகள் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால், ஒவ்வொன்றையும் மூல ஆவணத்தில் தேடி எடுத்து வாசிக்க வேண்டும் என்பது மாறாத விதியாக இருக்கட்டும். சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு நியூயார்க்கில் 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டதை வகுப்பில் எடுத்துச் சொன்னால், விதியின் காரணம் எளிதில் விளங்கும்.

தகவல் காப்பைத் தனி வகுப்பாக நடத்த வேண்டியதில்லை. பயிற்சிக்குள்ளேயே அது வர வேண்டும். வாடிக்கையாளரின் பெயர், வங்கிக் கணக்கு எண், ஊழியர் சம்பளப் பட்டியல் போன்றவற்றை அலுவலகத்தின் அனுமதியின்றி எந்தப் பொதுக் கருவியிலும் இடக் கூடாது. இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு: 15 இடங்கள் கொண்ட ஜிஎஸ்டி எண்ணில் மூன்றாவது முதல் பன்னிரண்டாவது வரையுள்ள பத்து இடங்களும் பான் எண்ணே. பான் எண்ணை மறைத்துவிட்டு ஜிஎஸ்டி எண்ணை அப்படியே விட்டால் எதையும் மறைத்ததாகாது. தனி உரிமையாளர் நடத்தும் கடையாயின் வெளியே செல்வது ஒரு தனிமனிதரின் பான்.

ஆங்கிலச் சட்டநடை புரியாமல் தயங்கும் தமிழ்வழி மாணவர், ஒரு பிரிவின் கருத்தைத் தமிழில் விளக்கும்படி ஏஐ கருவியிடம் கேட்கலாம். அதைத் தடுக்காமல் ஊக்குவிக்கவே வேண்டும். விளக்கத்தைப் படித்த பிறகு மூலப் பிரிவைத் திறந்து வரிக்கு வரி ஒப்பிடச் செய்தால், சட்டத்தை வாசிக்கும் துணிவும் சேர்ந்து வளரும்.

மதிப்பீட்டில், எழுதிக் கொடுத்த ஒப்படைப்புக்கு மட்டும் மதிப்பெண் தருவதை நிறுத்த வேண்டும். என்ன கேட்டார், என்ன விடை வந்தது, அதில் எதை எந்த ஆதாரத்தால் மாற்றினார் என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லி, அதன்மேல் சில நிமிடங்கள் வாய்மொழியாகக் கேள்வி கேட்டால், தானே சிந்தித்தவர் யார் என்பது தெரிந்துவிடும். அறுபது பேர் உள்ள வகுப்பில் இது ஆசிரியருக்குப் பெரும் சுமை என்பதை மறுக்க இயலாது; ஒவ்வொரு வாரமும் பத்துப் பேர் என்று பிரித்துக்கொண்டால் பருவத்துக்குள் எல்லாரையும் இருமுறையேனும் கேட்டுவிடலாம். ஆசிரியர்கள் தங்களுக்கான அறிமுகத்தை என்பிடெல் இணையவழிப் பாடங்கள் வழியாகவும், மாணவர்கள் 2022இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் திட்டம் போன்றவற்றின் வழியாகவும் பெறலாம். சான்றிதழ் நல்லதே, சரிபார்ப்புத் தாள்களின் இடத்தை அது நிரப்பாது.

பருவ முடிவில் ஒவ்வொரு மாணவரும் தாம் திருத்திய தாள்களுள் சிறந்த ஐந்தை ஒரு கோப்பாகத் தொகுத்து, வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு எடுத்துச் செல்லட்டும். பில்களும் பெயர்களும் பயிற்சிக்காகக் கற்பனையாக உருவாக்கப்பட்டவை என்பதைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள். அவ்வாறு எழுதாவிட்டால், வேறோர் அலுவலகத்தின் வாடிக்கையாளர் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தவரோ என்ற ஐயம் தேர்வு செய்பவருக்கு எழக்கூடும்.