கோல்ஃப் பழக இரண்டு மட்டை போதும்: செம்மண் சீமையிலிருந்து ஒரு செய்முறை

கோல்ஃப் ஆசை வந்ததும் பையோடு முழு செட் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். ஒருவர் ஆட்டத்துக்கு 14 மட்டைகள் வரை கொண்டுபோகலாம் என்பது விதி, அத்தனையும் இருந்தாக வேண்டும் என்பதில்லை. காரைக்குடிப் பக்கம் பொட்டலிலும் வீட்டிலும் பழகப்போகிற நமக்கு முதல் சில மாதங்களுக்கு 7-ஆம் நம்பர் அயர்ன் (பந்தைத் தூக்கி அடிக்கிற, உலோகத் தலை மட்டை) ஒன்றும் பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுகிற மட்டை) ஒன்றும் போதும். (பட்டர் வாங்கணும் என்றதற்கு "ஃப்ரிட்ஜ்ல இருக்கேடா" என்றார் அப்பத்தா.)

பழையதாகவே வாங்குங்கள். ஆனால் பார்த்து வாங்குங்கள். நான் படத்தை மட்டும் பார்த்துப் பாதி விலைக்கு ஒரு செட் வரவழைத்தேன், பிரித்துப் பார்த்தால் அத்தனையும் இடக்கைக்காரர் மட்டை! வலக்கைக்காரர் என்றால், மட்டையைத் தரையில் ஊன்றி ஆடுகிற மாதிரி நிற்கும்போது பந்தில் படுகிற அதன் முகம் உங்கள் இடப்பக்கம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் சோதனை. நீளத்துக்கு, செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து நின்று மணிக்கட்டிலிருந்து தரைவரை அளக்கச் சொல்லுங்கள், 34 முதல் 37 அங்குலத்துக்குள் வந்தால் சாதாரண நீளமே சரி. பிடியின் ரப்பர் வழுவழுத்திருந்தால் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போட்டுத் தேய்த்துக் காயவையுங்கள். அப்புறமும் வழுக்கினால் ரப்பரை மாற்றத்தான் வேண்டும்.

சரி, பிடிப்பது. வலக்கைக்காரருக்கு இடக்கை மேலே, வலக்கை கீழே. உள்ளங்கையில் அமுக்கிப் பிடிக்காமல் விரல்களில் படியவிடுங்கள், வலது சுண்டுவிரலை இடது ஆள்காட்டி விரலோடு கோத்துக்கொள்ளலாம். உலக்கையைப் பிடிக்கிற பிடி பிடித்தால் தோள் இறுகிப்போகும், பந்தும் போகாது. கையுறை ஒன்று போதும், இடக்கைக்கு. நம் ஊர் வியர்வைக்கு அது ஆடம்பரமில்லை.

அடிக்கிற இடம்தான் நமக்குப் பெரிய சிக்கல். செம்மண் தரை வெயிலில் இறுகிக் கிடக்கும், போதாததற்குச் சரளைக்கல் வேறு. அதில் நேராக அயர்னை இறக்கினால் மட்டையில் கீறல் விழுவது ஒரு பக்கம், மணிக்கட்டு வரைக்கும் 'ணங்' என்று அதிரும். வாசலில் போடுகிற தடிமனான தென்னைநார் மிதியடி ஒன்றை விரித்து, அதன் மேல் ஓட்டைபோட்ட பிளாஸ்டிக் பயிற்சிப் பந்தை வைத்து அடியுங்கள். கால்கள் தோள் அகலத்துக்கு, பந்து இரண்டு பாதங்களுக்கும் நடுவில். இடுப்பு உயரத்துக்கு மட்டும் மட்டையைத் தூக்கிப் பழகிவிட்டு, பிறகு முழு வீச்சுக்குப் போங்கள். நிஜப் பந்து கிட்டத்தட்ட 46 கிராம், மண்டையில் பட்டால் வம்பு. மாடு மேய்கிற கண்மாய்க்கரையில் அதை எடுக்கவே எடுக்காதீர்கள்.

பட்டருக்கு வீடே மைதானம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், புல்லில் அப்படி ஓடாது. அதனால் பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) ஜமக்காளத்தை விரித்து, அதன் நீளக் கோடு ஒன்றின் மேல் பந்தை வைத்து, கோட்டைவிட்டு விலகாமல் உருட்டுங்கள். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், அந்த அளவுக்கு அட்டையில் வட்டம் வெட்டி மறுகோடியில் போட்டுவிடுங்கள். பந்துகளைப் போட்டுவைக்க எனக்கு ஒரு பனையோலைக் கொட்டான் கிடைத்தது, விசேஷ வீட்டில் கொடுத்தது.

அயர்னில் அடிக்கிற பத்தில் ஆறேனும் நேராகப் போகத் தொடங்கியதும் மூன்றாவதாகப் பிட்சிங் வெட்ஜ் (கிட்டத்திலிருந்து பந்தை உயரத் தூக்கிப் போடுகிற மட்டை) வாங்கலாம். வெகுதூரம் அடிக்கிற நீள மட்டையான டிரைவர் கடைசியில்தான்.