பிளாப் எழுதி பிரிட்டன் போகும் மருத்துவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

இந்தியாவிலோ இலங்கையிலோ எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு பிரிட்டனில் பணிபுரிய விரும்புகிறவர்களுக்கு, அதற்காக எழுத வேண்டிய பிளாப் தேர்வைப் பற்றித்தான் பயம். ஆனால் இரண்டு பகுதிகளிலும் தேறிய பிறகும் பலர் பிரிட்டன் மருத்துவக் கவுன்சிலான ஜிஎம்சியில் பதிவு கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். காரணம் ஆவணங்களும் அவற்றின் காலாவதித் தேதிகளும்.

நம்மவர்களுக்கு முதல் சிக்கல் இனிஷியல். பட்டச் சான்றிதழில் 'எஸ். கார்த்திகேயன்', பாஸ்போர்ட்டில் 'கார்த்திகேயன் சுப்பிரமணியன்', ஹவுஸ் சர்ஜன் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். ஊரில் இதை யாரும் கேட்க மாட்டார்கள். பட்டத்தைப் பல்கலைக்கழகத்திடமே நேரடியாகச் சரிபார்க்கும் எபிக் சேவையில் விண்ணப்பம் இந்த இடத்தில்தான் நிற்கும். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே எல்லாச் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலத் தேர்வு, ஜிஎம்சி கணக்கு, எபிக் கணக்கு மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே கொடுங்கள். வித்தியாசம் இருந்தால் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்பதற்கான ஆவணத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். எபிக் சரிபார்ப்பைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். பல்கலைக்கழக அலுவலகம் பதில் அனுப்பும் வேகம் உங்கள் கையில் இல்லை.

ஆங்கிலத்தில் ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்றால் மொத்தம் 7.5, நான்கு பிரிவுகளிலும் தலா 7.0 வேண்டும். மொத்தம் 8 வாங்கினாலும் ரைட்டிங்கில் 6.5 வந்தால் செல்லாது. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி என்றால் நான்கிலும் பி கிரேடு. எதுவானாலும் ஒரே அமர்வில் கிடைத்திருக்க வேண்டும், பழைய மதிப்பெண்ணையும் புதியதையும் சேர்த்துக் காட்ட முடியாது. முடிவுக்கு ஆயுள் இரண்டு ஆண்டு. பிளாப் 1 எழுதுவதற்கு மட்டும் போதும் என்று எண்ணி ஏமாறாதீர்கள். பதிவுக்கு விண்ணப்பிக்கும்போதும் அது உயிரோடு இருக்க வேண்டும். பிளாப் 1 தேறிய இரண்டு ஆண்டுக்குள் பிளாப் 2 தேற வேண்டும், அதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பதிவு முடிய வேண்டும். இந்தத் தேதிகளை ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பிளாப் 1 மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகள், படித்தால் வந்துவிடும். மான்செஸ்டரில் நடக்கும் பிளாப் 2 வேறு ரகம். தேர்வு பல நிலையங்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு நிலையத்திலும் எட்டு நிமிடம், நோயாளியாக ஒருவர் நடிப்பார். விவரம் சேகரிப்பது, சிகிச்சையைத் திட்டமிடுவது, நோயாளியிடம் நடந்துகொள்வது என மூன்று கூறுகளுக்கும் தனித்தனி மதிப்பெண். மனப்பாட வசனத்தை ஒப்பிப்பவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். 'உங்களுக்கு இதில் என்ன கவலை?' என்று கேட்டுவிட்டு, பதிலைக் காதில் வாங்காமல் அடுத்த கேள்விக்குத் தாவினால் அந்தக் கேள்வி வீண். தேர்வு எழுதியவர்கள் நினைவிலிருந்து சொல்லும் கேள்விகளை, அதாவது 'ரீகால்' வாங்குவதும் கொடுப்பதும் நேர்மைப் பிரச்சினை. பதிவுக்கே ஆபத்து, தொடவே வேண்டாம்.

உங்கள் பதிவில் ஒழுங்குப் பிரச்சினை எதுவும் இல்லை என்று மருத்துவக் கவுன்சில் தரும் குட் ஸ்டாண்டிங் சான்றிதழை மட்டும் அவசரப்பட்டு வாங்கக் கூடாது. அது மூன்று மாதம்தான் செல்லும். கடந்த ஐந்து ஆண்டில் எந்தெந்த நாட்டில் பதிவு செய்திருந்தீர்களோ, வேலை பார்த்தீர்களோ, அங்கெல்லாம் தனித்தனியாக வாங்க வேண்டும். ஆறு மாதம் மாலத்தீவில் பார்த்த வேலையை மறந்துவிடாதீர்கள். அதே ஐந்து ஆண்டில் சும்மா இருந்த மாதங்களையும் மறைக்காமல் எழுதுங்கள். நீட் பிஜிக்குப் படித்தேன், பிரசவத்துக்காக வீட்டில் இருந்தேன் என்பதெல்லாம் குற்றமில்லை. மறைத்தால்தான் சந்தேகம் வரும்.

பதிவு கிடைத்தால் வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரே பணியிடத்துக்கு இப்போது கடும் போட்டி. ஊரில் பார்க்கும் வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்தால் நோயாளிகளைப் பார்க்காத இடைவெளி நீளும், விண்ணப்பத்தில் அதுவே பலவீனமாகும். அங்கே வேலை உறுதியாகும் வரை இங்கே வார்டில் இருங்கள்.