மஞ்சள் கரிசாலையா, அலங்காரச் செடியா?

மஞ்சள் கரிசலாங்கண்ணி (கரிசாலை என்பதும் இதுதான்) என்று சொல்லி நர்சரியில் ஒரு தொட்டியைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், பூங்காக்களில் தரையை மூடப் படரவிடும் அமெரிக்கச் செடி! இரண்டுக்கும் பூ ஒன்றுபோலத்தான் இருக்கும்; இலையைப் பாருங்கள். நம்மூர்ச் செடியின் இலை நீண்டு ஒடுங்கி, தடவினால் சொரசொரவென்று இருக்கும். ஓரத்தில் பல் இருந்தாலும் லேசாகத்தான். மற்றது தடித்துப் பளபளக்கும், பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும்.

வெட்டுக்காயப் பூண்டோடும் சிலர் குழப்பிக்கொள்வார்கள். அதில் நடுவே மட்டும்தான் நல்ல மஞ்சள். சுற்றிலும் வெளிறிய இதழ் ஐந்தாறு. காய்ந்தால் விதை பஞ்சோடு பறக்கும். கரிசாலை விதைக்கு அந்தப் பஞ்சு கிடையாது.

சரியான செடி கிடைத்தால் ஒரு தண்டு போதும், கணு மண்ணில் பட்ட இடமெல்லாம் வேர்விட்டு வருடக்கணக்கில் படரும். இலையை உறுதிசெய்யாமல் மட்டும் கீரையாகக் கடைந்துவிடாதீர்கள்.