இரண்டு ஆண் கினிப் பன்றிகளைச் சேர்த்து வளர்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு ஆண் கினிப் பன்றிகள் ஒரே கூண்டில் ஒத்துப்போகாது என்ற எண்ணம் வளர்ப்பவர்கள் பலரிடம் உள்ளது. அந்த அச்சத்தோடு கவனிப்பவர்கள், ஒன்று மற்றொன்றின் மேல் ஏறுவதைக் கண்டதும் பதறி இரண்டையும் தனித்தனியே அடைத்துவிடுகிறார்கள். உண்மையில், பொருத்தமான இரு ஆண்களுக்குப் போதிய இடம் கிடைத்தால் அவை வாழ்நாள் முழுவதும் இணையாக இருக்கக்கூடியவை. தமக்குள் யார் முந்தியவர் என்பதை அவை தீர்த்துக்கொள்ளும் முறையை நாம் சண்டை என்று எண்ணிக் குறுக்கிடுவதாலும், மெய்யான சண்டையின் முன்னறிகுறிகளைக் கவனியாமல் விடுவதாலுமே பல இணைகள் குலைகின்றன.

முதலில் இயல்பானவற்றை அறிந்துகொள்ள வேண்டும். அடித்தொண்டையில் உறுமியபடி, பின்புறத்தை இருபக்கமும் அசைத்து, மற்றதை மெதுவாகச் சுற்றி நடப்பது ஆண்களின் அன்றாட வழக்கம். பின்பக்கத்தை முகர்வது, சிறிது தூரம் துரத்துவது, மேலேறுவது, அடிப்பகுதியைத் தரையில் இழுத்து மணம் பதிப்பது ஆகியவையும் அவ்வாறே. சில நேரம் இரண்டும் மூக்கோடு மூக்கு நின்று தலையை மேலும் மேலும் உயர்த்தும். முதலில் தலையைத் தாழ்த்துவது விட்டுக்கொடுத்தது என்று பொருள். துரத்தப்படும் கினிப் பன்றி எழுப்பும் கீச்சொலி கேட்பவரைக் கலங்கவைக்கும் என்றாலும், காயம் இல்லாதவரை, அது பெரும்பாலும் பணிந்துவிட்டேன் என்று மற்றதற்குத் தெரிவிக்கும் ஒலியே ஆகும். இந்தக் கட்டத்தில் பிரித்து, மறுநாள் மீண்டும் சேர்த்தால், பாதியில் நின்ற வழக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. அடிக்கடி அவ்வாறு செய்யும்போது இரண்டுக்கும் பதற்றம் தணியவே வழியில்லாமல் போகிறது.

இதற்கு நேர்மாறான தவறு, எல்லாவற்றையும் விளையாட்டு என்று விட்டுவிடுவது. பற்களை இடைவிடாமல் நறநறவென்று கடிப்பது, பிடரி மயிர் சிலிர்ப்பது, வாயை அகலத் திறந்து முன்பற்களைக் காட்டுவது, உடல் விறைக்க நின்று திடீரெனப் பாய்வது ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து, எதுவும் பின்வாங்கவில்லை என்றால் அடுத்தது கடிதான். இரண்டும் பின்னிப் புரண்டு சண்டையிடும்போது வெறுங்கையை நடுவே விடக்கூடாது. எது யார் என்று பாராமல் அவை ஆழமாகக் கடித்துவிடும். தடித்த துண்டை மேலே போட்டோ, குப்பை முறத்தை நடுவே நுழைத்தோ பிரிக்க வேண்டும். இரத்தம் வருமளவுக்குக் கடித்துக்கொண்டவற்றை மீண்டும் ஒரே கூண்டில் விடுவது பெரும்பாலும் நல்ல முடிவாக இருப்பதில்லை.

சத்தமில்லாமல் நடக்கும் கொடுமையும் உண்டு; அதுதான் எளிதில் கண்ணுக்குப் படாதது. வலிமையானது மற்றதைத் தீனித் தட்டுக்கும் தண்ணீருக்கும் நெருங்கவிடாது. அடங்கிப்போனது ஒரு மூலையைவிட்டு வெளியே வராது. வெளிப்படையான காயம் எதுவும் இருக்காது. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் இரண்டையும் எடைபோட்டுக் குறித்துவந்தால், ஒன்றின் எடை மட்டும் தொடர்ந்து குறைவது இந்த நிலையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கூண்டின் அளவில் செய்யும் சிக்கனம் இந்தச் சிக்கல்கள் பலவற்றுக்கும் வேர். கினிப் பன்றியின் காட்டு உறவினங்களில் முதிர்ந்த ஆண்கள் ஒன்றையொன்று சகித்துக்கொள்வதில்லை; ஆண்டிஸ் மலைப்பகுதியில் பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்க்கப்பட்டதில் வீட்டு வகை சாந்தமாகியிருந்தாலும், விலகிச் செல்ல இடம் வேண்டும் என்ற தேவை மறையவில்லை. இரு ஆண்களுக்கு 10 சதுர அடியாவது வேண்டும். அதைவிடக் கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. மாடி அமைத்துப் பரப்பைக் கூட்டுவதைவிட ஒரே தளத்தில் நீளமான இடம் தருவதே பயன்தரும். தீனித் தட்டு, தண்ணீர்க் குப்பி, காய்ந்த புல் ஆகியவற்றை இரண்டிரண்டாக, ஒன்றுக்கொன்று தள்ளி வைக்க வேண்டும். ஒரே வாசல் உள்ள மறைவிடம், துரத்தப்படும் கினிப் பன்றிக்கு அடைக்கலமாக இருப்பதற்கு மாறாக அதைச் சிக்கவைக்கும் பொறியாகிவிடுகிறது. ஒவ்வொரு மறைவிடத்துக்கும் இரண்டு வாசல் இருப்பது, என் கருத்தில், விலையுயர்ந்த எந்தக் கூண்டையும்விட இன்றியமையாதது.

வயதைக் கணக்கில் கொள்ளாமை மற்றொரு தவறு. ஒரே ஈற்றில் பிறந்த சகோதரர்கள் என்றும் சண்டையிடமாட்டார்கள் என்று நம்பி வாங்குபவர்கள், ஏறக்குறைய 3 மாத வயதில் தொடங்கி ஓராண்டைக் கடந்தும் நீடிக்கும் விடலைப் பருவத்தில் திகைத்துப்போகிறார்கள். நிதானமான முதிர்ந்த ஆணோடு ஒரு குட்டியைச் சேர்ப்பது பல நேரங்களில் இதைவிட எளிதாக அமைகிறது. ஜெர்மனியில் விலங்கு நடத்தை ஆய்வாளர் நார்பர்ட் சாக்சரும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வுகளில், பெரிய கூட்டத்தில் மூத்த ஆண்களோடு வளர்ந்த ஆண்கள் பின்னாளில் புதிய ஆண்களைச் சந்தித்தபோது அடிபிடியின்றி அனுசரித்துக்கொண்டன; அத்தகைய அனுபவம் இன்றித் தனியாக வளர்ந்தவை கடுமையாக மோதின. ஒழுங்கு பிறவியிலேயே முழுமையாக வருவதில்லை, மூத்தவற்றிடமிருந்தும் கற்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

பெண் கினிப் பன்றியை அதே அறையில் வைப்பது, அதைத் தூக்கிய கையோடு ஆண்களைத் தொடுவது, நன்றாக இருக்கும் இணையோடு மூன்றாவது ஆணைச் சேர்ப்பது ஆகிய மூன்றையும் தவிர்த்துவிடலாம். காயடித்தால் சண்டை நின்றுவிடும் என்பதும் தவறான நம்பிக்கை; ஆண்களுக்கிடையிலான ஆதிக்கப் போட்டி அதனால் பெரிதாகக் குறைவதில்லை. கூண்டு முழுவதையும் ஒரே நேரத்தில் கழுவித் துடைத்தால் அவை பதித்த மணம் அழிந்து, எல்லையை மறுபடி நிலைநாட்ட முனையும். பழைய விரிப்பில் சிறிதளவை மீண்டும் போட்டுவிட்டால் போதும்.

நெடுநாள் அமைதியாக இருந்த இணை திடீரென மோதத் தொடங்கினால், குணம் மாறிவிட்டது என்று முடிவுகட்டும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீர்ப்பைக் கல், பல் கோளாறு போன்றவற்றின் வலி எந்த விலங்கையும் பொறுமையிழக்கச் செய்யும். நிலையாகப் பிரித்தே ஆக வேண்டிய நிலை வந்தாலும், அவற்றை வெவ்வேறு அறைகளில் தனிமைப்படுத்தக்கூடாது. கூட்டமாக வாழும் இயல்புடைய இவற்றைத் தனியே வளர்ப்பதை சுவிட்சர்லாந்து 2008ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்பு விதிகளில் தடைசெய்திருப்பது காரணமில்லாமல் அல்ல. இடையே கம்பித் தடுப்பு வைத்து இரு கூண்டுகளையும் அருகருகே அமைத்தால், ஒன்றையொன்று பார்த்து, முகர்ந்து, குரல் கொடுத்து, கடிபடாமல் துணையோடு வாழ முடியும்.