மடிக்கணினியில் ஒரு கேலக்ஸியின் சூட்டுப்புகையைத் தேடுவது எப்படி?

சுங்கை சிப்புட் பக்கம் சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் தொலைநோக்கியை மூடிவைக்க வேண்டியதுதான். கேலக்ஸியின் சூட்டுப்புகை, அதாவது அதைச் சுற்றியுள்ள வெப்பவாயு, வீசும் எக்ஸ்ரேக்கு அந்தக் கவலை இல்லை. அது காற்றுமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராது என்பதால், 1999 முதல் சந்திரா தொலைநோக்கி (நம் விண்ணியற்பியலாளர் சந்திரசேகரின் பெயர்தான்) விண்வெளியிலிருந்து பதிவு செய்கிறது. பழைய பதிவுகள் எல்லாருக்கும் இலவசம்.

படி 1: கேலக்ஸி. விளிம்பு நமக்கு நேராகத் தெரியும் சுருள் கேலக்ஸியை எடுங்கள். செம்பனை ஆலைப் புகையின் உயரம் ரோட்டில் நின்றால் தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் கூரையோடு கலந்துவிடும். என்ஜிசி 4631 நல்ல தொடக்கம்: தூரம் சுமார் 2.5 கோடி ஒளியாண்டு, வாயுவின் வெப்பம் 20 முதல் 70 லட்சம் கெல்வின், கேலக்ஸித் தட்டுக்கு மேல் உயரம் 26,000 ஒளியாண்டு வரை. 2000இல் எடுத்த பதிவையே இறக்குங்கள். பிற்பாடு கருவியின் வடிகட்டியில் படலம் படிந்து, மென் எக்ஸ்ரே (ஆற்றல் குறைந்தது) மங்கிப்போனது.

படி 2: மென்பொருள். சியாவோவும் (சந்திரா பதிவுகளை அலசுவது) டிஎஸ்9உம் (படம் காட்டுவது) போதும். விண்டோஸ் என்றால் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) வேண்டும். அளவுத்திருத்தக் கோப்புகள் பல ஜிபி. மழைக்கு முன்னால் இறக்கிவிடுங்கள்! பிறகு, பதிவைப் புதிய திருத்தக் கோப்புகளோடு மறுபடி பதப்படுத்தும் சந்திரா_ரிப்ரோ கட்டளையை ஓட்டுங்கள். இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். என்ஜிசி 5746 என்ற கேலக்ஸியைச் சுற்றி வெப்பவாயு இருப்பதாக 2006இல் அறிவித்த குழுவே, புதிய திருத்தக் கோப்புகளோடு பார்த்து 2009இல் அதைத் திரும்பப் பெற்றது.

படி 3: களையெடுப்பு. எண்ணிக்கை திடீரென எகிறும் நேரத்துண்டுகளை வெட்டுங்கள். பிறகு சியாவோவின் வேவ்டிடெக்ட் கட்டளை கொண்டு, புள்ளியாகத் தெரியும் எக்ஸ்ரே மூலங்களைக் கண்டு நீக்குங்கள். பெரும்பாலும் எக்ஸ்ரே இரட்டை விண்மீன்கள். தேடும் அளவு 1, 2, 4, 8 பிக்சல் போதும். 32 போட்டால் வாயுவின் முடிச்சுகளையே விண்மீன் என்று தின்றுவிடும்.

படி 4: பின்னணி. பாதிப்பேர் வழுக்குவது இங்கேதான். கேமராவின் உணரிச் சில்லு ஒன்று பார்க்கும் வானத்தின் அகலம் 8 பாகைத்துளிதான் (ஒரு பாகையில் 60 துளி). வாயு ஏறக்குறைய ஓரம்வரை நிரம்பியிருக்கிறது. அதே சில்லின் ஓரத்தைப் பின்னணியாகக் கழித்தால் வாயுவையே கழிக்கிறீர்கள். வெற்றுவானக் கோப்பை (கேலக்ஸி இல்லாத வானப் பதிவு) எடுத்து, 9–12 கேஇவி (எக்ஸ்ரே ஆற்றலின் அலகு) எண்ணிக்கை ஒத்துப்போகும்படி பெருக்கிக் கழியுங்கள்.

படி 5: அளவு. 0.5–2 கேஇவி மட்டும் வையுங்கள். தட்டுக்கு இணையாக, 1 பாகைத்துளி (சுமார் 7,300 ஒளியாண்டு) உயரப் பட்டைகள் வரைந்து, வெளிப்பாட்டு வரைபடத்தால் (ஒவ்வோர் இடமும் எவ்வளவு பதிவானது என்று காட்டுவது) வகுங்கள். தட்டிலிருந்து விலக விலக எண்ணிக்கை இறங்கினால் அது வாயு. எல்லாப் பட்டையும் ஒரே மட்டத்தில் நின்றால், படி 4க்குத் திரும்புங்கள்.